அவன் ஏன் சுவரைப் பார்த்து நிற்கிறான்? உளவியல் திகில் படங்களும் இரண்டுபட்ட ரசிகர்களும்

பாழடைந்த வீடு. கையில் கேமராவோடு ஒரு பெண் அலறிக்கொண்டே நிலவறைக்குப் படியிறங்கி ஓடுகிறாள். படம் குலுங்குகிறது. கீழே, ஒரு மூலையில், அவளுடைய நண்பன் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறான். அவள் கத்துகிறாள். அவன் திரும்பவில்லை. சட்டென்று கேமரா தரையில் விழுகிறது. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

1999-இல் வந்த ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ படத்தின் கடைசிக் காட்சி இது. படம் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டதால் முடிவைச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரைக்கு அந்த முடிவு தேவையும் படுகிறது. நானும் அக்காவும் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்துதான் இதைப் பார்த்தோம். கேமரா விழுந்ததும் நான், “அவ்வளவுதானா?” என்றேன். திரும்பிப் பார்த்தால், அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “முதல்ல லைட்டைப் போடு” என்றாள். அன்றைக்கு மொட்டை மாடியில் காயப்போட்ட துணி இரவு முழுக்க அங்கேயே கிடந்தது. எடுத்துவர அவள் போகவில்லை.

ஒரே வீடு, ஒரே டிவி, ஒரே படம். குறைந்த செலவில் எடுத்த உளவியல் திகில் படங்களைப் பற்றி யார் பேசினாலும் இந்த இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. “ஒண்ணுமே இல்ல, மொக்கை” என்று ஒன்று. “ரெண்டு நாள் தூங்கல” என்று இன்னொன்று. நடுவில் நிற்பவர்கள் கொஞ்சம்தான். ஏன் இப்படிப் பிரிகிறார்கள், அந்தக் கருத்துகளை நாம் எப்படி எடுத்துக்கொள்வது என்பதைப் புதிதாக இந்த வகைப் படங்களுக்குள் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் உளவியல் திகில் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வழக்கமான பேய்ப் படத்தில் பேய் என்று ஒன்று உண்டு. அதற்கு ஒரு முகம், ஒரு பழைய கதை, பழிவாங்க ஒரு காரணம். எப்போது வரும் என்று காத்திருக்கிறோம், வந்ததும் பயப்படுகிறோம், போனதும் மூச்சு விடுகிறோம். உளவியல் திகிலில் பயம் எங்கிருந்து வருகிறது என்பதே உறுதியாகத் தெரியாது. வெளியே நிஜமாகவே ஏதோ இருக்கிறதா, இல்லை அந்தப் பாத்திரத்தின் மனம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைகிறதா? இந்தச் சந்தேகம் கடைசிவரை தீராது. தீர்த்துவைக்க இயக்குநரும் அவசரப்பட மாட்டார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள். இந்த வகைப் படத்தின் இலக்கணம் முழுவதும் அந்தப் பழமொழிக்குள் இருக்கிறது. அதில் உள்ள வரிசையைக் கவனியுங்கள். முதலில் அரள வேண்டும். அப்புறம்தான் இருட்டு பேயாகும். அரளாதவன் கண்ணுக்கு அது வெறும் இருட்டு. ஆகவே இந்தப் படங்களில் பாதி வேலையைப் படம் செய்கிறது, மீதிப் பாதியைப் பார்க்கிறவர் செய்கிறார். அந்த மீதிப் பாதி நடக்காமல் போனால் திரையில் மிஞ்சுவது குலுங்கும் காடும், வெறும் சுவரும், தெளிவில்லாத முணுமுணுப்பும்தான். “ஒண்ணுமே இல்ல” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த படத்தில் உண்மையாகவே ஒன்றும் இருந்திருக்காது.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் படம் ‘ஸ்கினமரிங்க்’. கனடாவின் எட்மண்டன் நகரைச் சேர்ந்த கைல் எட்வர்ட் பால், தான் வளர்ந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்தது. 2022-இல் திரைப்பட விழாவிலும் 2023 ஜனவரியில் தியேட்டர்களிலும் வந்தது. கதை என்று சொன்னால் இவ்வளவுதான்: 1995-இல் ஒரு நாள் இரவு, நான்கு வயதுப் பையனும் ஆறு வயது அக்காவும் விழித்துப் பார்க்கிறார்கள். அப்பாவைக் காணோம். வீட்டின் கதவுகளும் ஜன்னல்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பிள்ளைகள் டிவி முன்னால் கம்பளத்தில் படுத்துக்கொண்டு பழைய கார்ட்டூன் பார்க்கிறார்கள். நூறு நிமிடப் படத்தில் முகங்களை நாம் சரியாகப் பார்ப்பதே இல்லை. கேமரா தரையோரம் கிடக்கிறது, அல்லது கூரையையும் கதவு நிலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. படம் முழுக்கப் பழைய வீடியோ கேசட்டில் வருவது போன்ற புள்ளிப் புள்ளியான இரைச்சல் காட்சியின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் புள்ளிகளில்தான் விஷயம் இருக்கிறது. மேகத்திலும், சுவரில் ஊறிய ஈரக் கறையிலும், மரத்தின் பட்டையிலும் நமக்கு முகங்கள் தெரியும். மூளை எதைப் பார்த்தாலும் முதலில் முகம் இருக்கிறதா என்று தேடும் பழக்கம் உள்ளது. இருட்டான ஒரு நடைபாதையை, புள்ளிகள் நெளிய நெளிய, ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கச் சொன்னால் அங்கே ஏதோ நிற்பதுபோலத் தோன்றிவிடும். பலருக்குத் தோன்றியது. ஒரு காட்சியில், இருண்ட படுக்கையறையில் கட்டிலின் ஓரத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அப்பா, கட்டிலுக்கு அடியில் பார் என்கிறார். சாதாரணக் குரல், சாதாரணக் கட்டில். கேமரா மெல்லக் குனிகிறது. அடியில் இருப்பது இருட்டு. சின்ன வயதில் கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கவிடப் பயந்தவர்களுக்கு அந்த இருட்டு போதும். அப்படிப் பயந்த நினைவே இல்லாதவர்களுக்கு அது பெருக்க வேண்டிய இடம்.

இந்தப் படம் பிறந்த கதையும் சொல்ல வேண்டியது. பால் அதற்கு முன்பு யூடியூபில் ஒரு சேனல் நடத்தினார். பார்வையாளர்கள் தங்களுக்கு வந்த கெட்ட கனவுகளை எழுதி அனுப்புவார்கள், அவற்றை இவர் குறும்படமாக எடுத்துப் போடுவார். திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கனவு பலரிடமிருந்து வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார்: நான் சின்னப் பிள்ளை, வீட்டில் இருக்கிறேன், அப்பா அம்மா இல்லை, ஏதோ ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது. ‘ஸ்கினமரிங்க்’ அந்தக் கனவுதான். இந்தக் கனவு தனக்கும் வந்திருக்கிறது என்று உணர்ந்தவர்கள் படத்தைக் கொண்டாடினார்கள். வராதவர்கள் கதவு நிலையை வெறித்துப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு எழுந்து போனார்கள். செலவோடு ஒப்பிட்டால் தியேட்டர் வசூல் 20 லட்சம் டாலருக்கு மேல், பெரிய வெற்றி. ஆனாலும் பொதுப் பார்வையாளர்களில் படத்தைப் பிடிக்காதவர்கள் ஏராளம்.

சரி, இந்த வகைக்கும் குறைந்த செலவுக்கும் ஏன் இவ்வளவு நெருக்கம்? பேயைக் காட்ட வேண்டுமென்றால் ஒப்பனை, கிராஃபிக்ஸ், செட் என்று காசு வேண்டும். காட்டாமல் விட்டால் செலவில்லை. ஆனால் இதை வெறும் சிக்கனமாகப் பார்ப்பது அநியாயம். காட்டாமல் பயமுறுத்துவதற்கு வேறு விதமான உழைப்பு வேண்டும், அதில் பெரும்பகுதி ஒலியிலும் நடிகர்களிடமும் போய் விழுகிறது.

பிளேர் விட்ச் எடுத்த விதத்தைப் பாருங்கள். டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் என்ற இருவர் இயக்கம். ஹெதர் டொனஹ்யூ, ஜோஷுவா லியோனார்ட், மைக்கேல் வில்லியம்ஸ் என்று யாருக்கும் அறிமுகமில்லாத மூன்று பேர் நடிப்பு. 1997 அக்டோபரில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் காட்டில், எட்டு நாளில் பெரும்பகுதியை முடித்தார்கள். கேமராவை நடிகர்களே பிடித்தார்கள். ஒன்று சாதாரண வீடியோ கேமரா, இன்னொன்று கறுப்பு வெள்ளைப் பிலிம் கேமரா. முழுமையாக எழுதிய வசனம் கிடையாது. எங்கே போக வேண்டும் என்பது கையடக்க ஜிபிஎஸ் கருவியில் தெரியும். போகிற இடத்தில் டப்பா ஒன்று இருக்கும், அதற்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சீட்டு. ஒருவர் சீட்டில் என்ன இருக்கிறது என்பது மற்றவருக்குத் தெரியாது. நாளாக ஆக சாப்பாட்டைக் குறைத்தார்கள். நள்ளிரவில் இயக்குநரும் உதவியாளர்களும் இருட்டில் வந்து கூடாரத்தைப் பிடித்து உலுக்குவார்கள், குழந்தைகள் சத்தத்தை டேப்பில் ஓடவிடுவார்கள். அந்த மூன்று பேர் முகத்திலும் குரலிலும் தெரியும் களைப்பும் எரிச்சலும் பெரும்பாலும் நிஜம். சுமார் 20 மணி நேரக் காட்சிகளைக் கொண்டுவந்து, மாதக்கணக்கில் வெட்டி, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக ஆக்கினார்கள்.

படப்பிடிப்புச் செலவு 60,000 டாலருக்குள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. உலக வசூல் சுமார் 24 கோடியே 80 லட்சம் டாலர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து வியப்பது வழக்கம். புதிதாக வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் எண்ணில் ஒலியைச் சீர்செய்து பிரதி எடுத்த செலவோ, விநியோக நிறுவனம் விளம்பரத்துக்குக் கொட்டிய பணமோ இல்லை. விளம்பரம் மட்டுமே கோடி டாலர்களில் போனது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. படத்தின் லாபத்தில் தங்களுக்கு நியாயமான பங்கு வந்து சேரவில்லை என்று அந்த மூன்று நடிகர்களும் 2024-இல் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். குறைந்த செலவு என்று நாம் பாராட்டும்போது, அந்தக் குறைவு யார் தலையில் விழுந்தது என்பதை மறக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கருத்துகளுக்கு வருவோம். 1999 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் நள்ளிரவுக் காட்சியாக இந்தப் படம் முதலில் ஓடியது. உடனே விலை போயிற்று. அதற்கு முன்பே இணையதளம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். காட்டுக்குள் போன மூன்று மாணவர்கள் காணாமல் போனதாகவும், அவர்கள் எடுத்த பிலிம் மட்டும் கிடைத்ததாகவும் அதில் தகவல், போலீஸ் அறிக்கை மாதிரியான படங்கள், தேதிகள். ‘காணவில்லை’ என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். டிவியில் பொய்யான ஆவணப்படமும் ஒளிபரப்பானது. இணையம் அப்போதுதான் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த காலம், பலர் நம்பிவிட்டார்கள். ஹெதரின் அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன, மகள் உயிரோடு இருக்கும்போதே.

நம்பிக்கொண்டு போய்ப் பார்த்தவருக்கு, கூடாரத்துக்கு வெளியே காலையில் குவித்து வைக்கப்பட்டிருக்கும் மூன்று கற்குவியல் போதும், உடம்பு சில்லிட்டுவிடும். சில வாரம் கழித்து, எல்லாம் நடிப்பு என்று தெரிந்த பிறகு, “உலகத்திலேயே பயங்கரமான படம்” என்ற பேச்சைக் கேட்டுவிட்டுப் போனவருக்கு அதே கற்கள் வெறும் கற்கள். படம் மாறவில்லை. உள்ளே நுழையும்போது மனதில் வைத்திருந்த நம்பிக்கை மாறிவிட்டது. அதோடு, கேமரா ஆடிய ஆட்டத்தில் பலருக்குத் தலை சுற்றி வாந்தியே வந்தது. சில தியேட்டர்களில் எச்சரிக்கை ஒட்ட வேண்டியிருந்தது. அவர்களிடம் போய்ப் படம் எப்படி என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

அந்த ஆண்டு நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். சுயாதீனப் படங்களுக்கான ஸ்பிரிட் விருதுகளில், குறைந்த செலவில் எடுத்த சிறந்த முதல் படத்துக்கான விருது கிடைத்தது. அதே படத்துக்காக, ஆண்டின் மோசமான நடிகை என்று ஹெதருக்கு ராஸி ‘விருது’ (மோசமான படங்களையும் நடிப்பையும் கேலி செய்யத் தருவது) கொடுத்தார்கள். பசியோடு, குளிரில், கேமராவைத் தானே தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுது மன்னிப்புக் கேட்கும் அந்தக் காட்சியை இன்றும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதைச் செய்தவரைப் போய் அப்படிக் கேலி செய்தது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. நடிப்பு மாதிரித் தெரியாத நடிப்பை, நடிக்கத் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. படம் வெளியான முதல் நாள் இரவு தியேட்டரிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் சீட்டுக் கொடுத்து மதிப்பெண் கேட்பார்கள். ஏ பிளஸிலிருந்து எஃப் வரை. சாதாரணமாக நன்றாக ஓடும் படங்களுக்கு ஏ, பி என்று வரும். பிளேர் விட்சுக்குக் கிடைத்தது சி பிளஸ். 2018-இல் வந்து, பல விமர்சகர்கள் அந்த ஆண்டின் சிறந்த படங்களில் ஒன்றாகக் குறிப்பிட்ட ‘ஹெரெடிட்டரி’க்கு டி பிளஸ். 2017-இல் வந்த ‘இட் கம்ஸ் அட் நைட்’ படத்துக்கு டி.

இந்தக் கடைசிப் படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ‘அது இரவில் வரும்’ என்று தலைப்பு. முன்னோட்டத்தில் சிவப்புக் கதவு, இருட்டு, குரைக்கும் நாய். படத்தில் எதுவும் வருவதில்லை. கொள்ளை நோய்க்குப் பயந்து காட்டு வீட்டில் ஒடுங்கியிருக்கும் ஒரு குடும்பம், அவர்களிடம் வந்து சேரும் இன்னொரு குடும்பம், இரண்டுக்கும் நடுவே வளரும் சந்தேகம். இரவில் வருவது அந்தச் சந்தேகமும் கனவும்தான். எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு, பேய் வரும் என்று டிக்கெட் வாங்கியவரின் இடத்தில் உட்கார்ந்து யோசித்தால் அவர் கோபம் புரிகிறது. பிரியாணி என்று போர்டு போட்டுவிட்டு உள்ளே ரசம் சாதம் வைத்தால், ரசம் எவ்வளவு மணமாக இருந்தாலும் சண்டைதான் வரும். சினிமாஸ்கோர் மதிப்பெண் பெரும்பாலும் இந்தச் சண்டையைத்தான் அளக்கிறது: விளம்பரம் சொன்னதும் படம் தந்ததும் ஒன்றா என்று. ஆகவே திகில் படத்துக்கு வரும் சி, டி மதிப்பெண்களைப் பார்த்து உடனே ஒதுக்கிவிடாதீர்கள்.

எண்களைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும். பத்துப் பேர் ஒரு படத்துக்கு ஆளுக்கு ஐந்து மதிப்பெண் போட்டால் சராசரி ஐந்து. ஐந்து பேர் ஒன்பதும் ஐந்து பேர் ஒன்றும் போட்டாலும் சராசரி ஐந்துதான். முதல் படம் சுமார், பார்க்காமல் விட்டால் நஷ்டமில்லை. இரண்டாவது படத்தில் ஏதோ இருக்கிறது, அது உங்களுக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. ஐஎம்டிபி போன்ற தளங்களில் எத்தனை பேர் எந்த மதிப்பெண் போட்டார்கள் என்று தனித்தனிக் கோடாகவே காட்டுகிறார்கள். சராசரியை விட்டுவிட்டு அந்தக் கோடுகளைப் பாருங்கள். விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம் வேறு கணக்கு. எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது, எவ்வளவு பிடித்தது என்பதை இல்லை.

எழுத்தில் வரும் கருத்துகள் எண்களைவிட எவ்வளவோ மேல், ஆனால் அவற்றை வேறு மாதிரி வாசிக்க வேண்டும். “போர்” என்ற ஒற்றைச் சொல்லில் எதுவும் இல்லை. “முதல் ஒரு மணி நேரம் காட்டில் நடந்துகொண்டே இருக்கிறார்கள், வரைபடத்துக்காகச் சண்டை போடுகிறார்கள்” என்று எழுதியிருந்தால் அது தகவல். அவருக்கு அது குறை, உங்களுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நான் படம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இப்படிக் கோபமாக எழுதியவர்கள் சொன்ன விவரங்களை வைத்துத்தான். “கடைசிவரை அது என்ன என்றே சொல்லவில்லை” என்று யாராவது திட்டியிருந்தால் உடனே குறித்துக்கொள்வேன்.

அப்புறம், அவர் எங்கே எப்படிப் பார்த்தார் என்பது. இது தெரியாமல் எந்தக் கருத்தையும் எடைபோட முடியாது. ‘ஸ்கினமரிங்க்’ தியேட்டருக்கு வருமுன்பே இணையத்தில் கசிந்து, டிக்டாக்கில் துண்டு துண்டாகப் பரவியது. பஸ்ஸில், வெயிலில், ஃபோன் திரையில் அந்த இருட்டைப் பார்த்தால் தெரிவது நம் முகத்தின் நிழல் மட்டும்தான். முணுமுணுப்பாகப் பேசும் பிள்ளைகளின் குரல் இன்ஜின் சத்தத்தில் கேட்கவே கேட்காது. நண்பர்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தாலும் இந்த வகைப் படம் பெரும்பாலும் தோற்றுவிடும். யாராவது ஒருவர் சிரித்தால் போதும், அரளும் மனம் கலைந்துவிடும். திடுக்கிட வைக்கும் காட்சிகளை நம்பிய படம் கூட்டத்தில் வளரும். இது தனிமையில்தான் வளரும். ஒருமுறையாவது விளக்கை அணைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கருத்து முழுக்க உங்களுடையது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பிடிக்காமல் போவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. காட்டாமல் விடுவதற்கும், காட்ட ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பிளேர் விட்ச் ஓடியதைப் பார்த்து, ஆடும் கேமராவும் நான்கு பேரும் இருந்தால் போதும் என்று வந்த படங்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் பலவற்றில் இருட்டுக்குப் பின்னால் எந்த யோசனையும் கிடையாது. இதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, படம் முடிந்ததும் திரும்பிப் போய்ப் பார்ப்பது. யோசித்து எடுத்த படத்தில் முடிவுக்கான விதை முன்பே எங்கேயோ போட்டிருப்பார்கள்.

அந்தச் சுவரைப் பார்த்து நிற்கும் மனிதனுக்கும் அப்படி ஒரு விதை உண்டு. படத்தை முன்கூட்டிப் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்குப் பயமாக இருந்தது, ஆனால் அவன் ஏன் அப்படி நிற்கிறான் என்று புரியவில்லை. வேறு முடிவுகள் எடுத்துத் தரும்படி விநியோக நிறுவனம் கேட்டது. இயக்குநர்கள் போய் வேறு சில முடிவுகளை எடுத்தும் பார்த்தார்கள். கடைசியில் பழைய முடிவே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு, படத்தின் தொடக்கத்தில் வரும் ஊர்க்காரர் பேட்டிகளோடு கொஞ்சம் பேச்சை மட்டும் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். அந்த ஊரில் முன்பு குழந்தைகளைக் கொன்ற ஒருவன், அவர்களை இரண்டிரண்டு பேராக நிலவறைக்குக் கொண்டுபோவானாம். ஒரு குழந்தையைக் கொல்லும்போது இன்னொன்றை மூலையில் சுவரைப் பார்த்து நிற்க வைப்பானாம். தன்னைப் பார்க்கும் கண்களை அவனால் தாங்க முடியவில்லையாம்.

போகிற போக்கில், பகல் வெளிச்சத்தில், வேறு பேச்சுகளோடு கலந்து வரும் சில நொடிகள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து அந்த மூலையைக் காட்டும்போது யாரும் அதை நினைவுபடுத்துவதில்லை.

படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் இதைக் கண்டுபிடித்தேன். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அதான் அப்பவே சொன்னாங்களே, நீ கவனிக்கலையா?” என்றாள். முதல் தடவை அந்தப் பேட்டி ஓடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கேன் வந்தது. கதவைத் திறந்து, கேனை உள்ளே வாங்கி வைத்து, சில்லறை கொடுத்து அனுப்ப நான்தான் எழுந்து போயிருந்தேன்.